பாதி டிரம்மில் சுட்ட கோழி சாசேஜ்

அபாயகரமான ரசாயனம் இருந்த டிரம், காலியான பிறகும் அபாயகரமான டிரம்தான். அதைக் கழுவி நச்சு நீக்க வேண்டும். மறுபடி எதற்கும் பயன்படாதபடி ஓட்டை போட்டு நசுக்க வேண்டும். உரிமம் உள்ளவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு அது எந்தக் காரணத்தைக் கொண்டும் போகக் கூடாது. இதுதான் விதி. இதில் புரியாத சொல் ஒன்றுமில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பல அலுவலகங்களின் முன்னறையில் இது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதே அலுவலகங்களின் பின்வாசல் வழியாக டிரம்கள் சைக்கிளில் ஏறிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது விதியைப் பற்றி அல்ல. ஒரு மனிதரைப் பற்றி.

அவரை நினைக்கும்போது முதலில் தெரிவது மூக்கு. பெரிய மூக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பொருளையும் அவர் கண்ணுக்குக் காட்டுவதற்கு முன்னால் மூக்குக்குக் காட்டுவார். டீ வந்தால் முகர்வார். புது ஹெல்மெட் பெட்டி வந்தால் பிரித்து, உள்ளே முகத்தை விட்டு முகர்வார். கையெழுத்துக்காக நான் நீட்டும் பேனாகூட ஒரு தடவை மூக்கருகே போய்விட்டுத்தான் தாளுக்கு வரும். எங்கள் இரும்பு ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. நான் பணியாளர் அலுவலர். இரண்டு பேர் மேசைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து நாள் முழுக்க மெல்லிய மூச்சிழுப்பு கேட்டுக்கொண்டிருக்கும்.

சட்டப்படி எங்கள் ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரியே தேவையில்லை. அதற்கு வேண்டிய ஆள்கணக்கு எங்களிடம் இல்லை. கம்பி வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று தணிக்கைக்கு வந்தபோது "உங்கள் பாதுகாப்பு அதிகாரி எங்கே?" என்று கேட்டுவிட்டது. அடுத்த மாதமே ஒருவரை வைத்தார்கள். கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஆள் என்பதுதான் திட்டம். வந்தவர் நிஜமாகவே பயப்படுகிறவராக இருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'பாத்து சார்'. யாரையும் அவர் 'போய் வா' என்று அனுப்பியதில்லை. "பாத்து, நைனா" என்பார். ஊத்துக்கோட்டைக்காரர். ஆந்திர எல்லையில் வளர்ந்தவர்களின் நாக்கில் அந்த நைனா தானாகவே வந்துவிடும். ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுப்பவனுக்கு ஒரு 'பாத்து'. காரில் ஏறும் முதலாளிக்கு ஒரு 'பாத்து'. கக்கூசுக்கு எழுந்து போகும் எனக்கும் ஒன்று உண்டு. புதுவாயல் கூட்டுச்சாலையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றால், உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் தொற்றிக்கொள்வார்கள். அவர் வெயிலில் நடந்து போவார்.

இதெல்லாம் கேலிக்குரிய விஷயம்தான். நாங்களும் கேலி செய்தோம். ஆனால் அந்தப் பயத்தில் பாசாங்கு கிடையாது. ஒருநாள் உலைப்பக்கம் ஒருவன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றான். நானாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். அதற்கென்று அச்சடித்த படிவமே இருந்தது. இவர் அவன் அருகில் போய் நின்றார்.

"கண்ணாடி எங்கப்பா?"

"வேர்வைல மறைக்குது சார். கயட்டி வெச்சிக்கினேன்."

"உங்க ஊட்டாண்ட நான் எப்பனா வந்துகிறேனா?"

"இல்லியே சார்."

"வர வெச்சிராத நைனா. உன் சம்சாரம் வந்து கதவத் தொறக்கும். நான் வாசல்ல நின்னுகினு அந்தம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவேன்? எனக்கு அந்த வேலையக் குடுக்காத. என்னால ஆவாது."

அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். நான் கொடுத்த மெமோக்களைப் பார்த்து யாரும் அப்படி மாட்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அவர் வீடு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம். மனைவிக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்திருந்தது. மூன்றாவது தடவை ஆறாம் மாதம் வரை வந்திருந்த கோடைகாலம் அது. குளியலறைத் தரையில் வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்திருந்தார். அடுப்புப் பக்கம் அந்த அம்மாளை விடுவதில்லை, இவரே சமைத்தார். எண்ணெய் கிடையாது, மசாலா கிடையாது, முட்டையில் மஞ்சள் கிடையாது. ஒருநாள் ஏதோ கையெழுத்துக்காக நான் போயிருந்தபோது அந்த அம்மாள் என்னிடம் முறையிட்டார்.

"எங்க ஊட்ல உப்பு, புளி, காரம் மூணுமே லீவுல போயிருக்கு சார். நீங்கதான லீவு எல்லாம் பாக்குறது? கொஞ்சம் கேன்சல் பண்ணி அனுப்புங்க."

அவர் உள்ளேயிருந்து, "டாக்டரம்மா கம்மி பண்ணச் சொன்னாங்க" என்றார்.

"கம்மி பண்ணச் சொன்னாங்க. நீ ஒரேடியா டிஸ்மிஸ் பண்ட்ட. இவரு என்னப் பாக்குற பார்வைல எனக்கே என் மேல சந்தேகம் வருது சார். நெருப்புல வாட்டுன எதுனா ஒரு துண்டு துன்னணும்போல கீது. கேட்டா, கரி, புகைன்னு ஒரு மணி நேரம் பேசுறாரு."

அவர் உள்ளே அரிசி களைந்துகொண்டே இருந்தார். ஆனால் கேட்டுக்கொண்டார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த வருடம் சின்ன முதலாளி வெளிநாட்டில் படிப்பு முடித்துத் திரும்பியிருந்தார். கோடையில் அலுவலர், ஆபரேட்டர் குடும்பங்களையெல்லாம் கெஸ்ட் ஹவுஸ் புல்வெளியில் கூட்டி, கரியடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிட வேண்டும் என்றார். அங்கே எல்லாரும் கோடையில் அப்படித்தான் செய்வார்களாம். மே மாதத்துக் கும்மிடிப்பூண்டியில் எதையும் தனியாகச் சுட வேண்டியதில்லை, வெளியே வைத்தால் போதும். இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

"போர்க் சாசேஜ், மட்டன் சாப்ஸ். ரெண்டு ஐட்டம் போதும்" என்றார் சின்ன முதலாளி.

பாத்து சார் கையைத் தூக்கினார். "சார், வெய்யிலு. பன்னிக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு ரெண்டுமே வவுத்துல குந்திக்கினு எழுந்திருக்காது. பாதிப் பேரு துன்ன மாட்டாங்க. துன்னவங்க மறுநாளு உலை முன்னாடி நிக்க மாட்டாங்க."

"அப்ப என்ன பண்ணலாம்? தயிர் சாதமா?"

"கோழி சாசேஜ் வெச்சிக்கலாம் சார். கொழுப்பு கம்மி, லைட்டு. பாக்டரிலயே வெந்து வர்ற ரகமா வாங்கிக்கலாம். நாம மேல சூடு காட்டுனாப் போதும். பச்சைக் கறி பயம் இல்ல. எல்லாரும் துன்னலாம்."

அவர் வாயிலிருந்து 'பயம் இல்ல' என்று வந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பெரிய கொள்முதல். சென்னையில் குளிர்பதனக் கடை கடையாக ஏறி, பாக்கெட்டின் பின்புறம் இருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, கேண்டீனில் வெட்டி, முகர்ந்து, வெந்நீரில் போட்டுப் பார்த்தார். பழவேற்காட்டிலிருந்து வரும் கிரேன் ஆபரேட்டர் பாய், "நாங்க சாப்புடலாமா சார்?" என்று கேட்டபோது, கடைக்காரர் கொடுத்த ஹலால் சான்றைச் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் காட்டினார். வெல்டிங் பகுதிப் போர்மேன் ஒரு துண்டை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கோழிய டியூப்ல அடைச்ச மாரி கீது. எலும்பு எங்க?"

"எலும்பு இல்லாததுதான் நல்லது. தொண்டையில மாட்டாது."

"மாட்டுனாத்தான் சார் அது கோழி."

கடைசியில் ஒரு ரகம் தேர்வானது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, கம்பெனி வண்டியின் பின்சீட்டில் வைத்து, மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்தியபடியே சென்னையிலிருந்து வந்தார்.

இனி அடுப்பு. கடையில் விற்ற அடுப்பின் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சூடு பட்டால் பெயிண்ட் ஆவியாகும், அந்த ஆவி சாசேஜில் இறங்கும் என்று அதை வேண்டாமென்றார். நம் ஆலையில் உருட்டிய புதுக் கம்பியிலேயே மேல்தட்டு செய்யச் சொன்னார். சரியான முடிவு. கரி போடுகிற அடிப்பகுதிக்கு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவே இல்லை. ஏனென்றால் எங்கள் பகுதியில் அதற்கு யோசனை தேவைப்படாது. டிரம் இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பிளாஸ்டிக் டிரம் என்றால் தண்ணீருக்கு. இரும்பு டிரம்மை நெடுக வெட்டினால் மாட்டுக்குத் தொட்டி, கொத்தனாருக்குக் கலவைத் தொட்டி, கல்யாண வீட்டுக்கு அடுப்பு. புதுவாயல் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பாதி டிரம் வந்தது. உள்ளே மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. வெளியே புதிதாகப் பச்சைப் பெயிண்ட்.

இவர் அதன் உள்ளே தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்தார். காலையில் தண்ணீரை முகர்ந்தார். உள்பக்கத்தை அங்குலம் அங்குலமாக முகர்ந்தார். ஒன்றுமில்லை. பிறகு வெளிப்பக்கத்தைத் தடவியபடி நின்றார்.

"இந்தப் பெயிண்ட சொரண்டிட்டா நல்லாருக்கும்."

போர்மேன் வெல்டிங் முகமூடியை மேலே தூக்கினார். "சார், கரி உள்ள எரியப் போவுது. பெயிண்டு வெளிய கீது. பொக மேல போவப் போவுது. நீ உள்ளயும் வெளியயும் மோந்து பாத்துக்கினே இருந்தா, சாசேஜ் எப்ப துன்றது? தீபாவளிக்கா?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. தன் பயத்துக்காக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சரி, வுடு" என்றார்.

அந்த மாலை நன்றாகவே தொடங்கியது. வெயில் தாழ்ந்து, கடற்காற்று லேசாக எழுந்தது. குழந்தைகள் புல்லில் உருண்டன. இவர் கையுறை போட்டு, இடுக்கியால் ஒவ்வொரு சாசேஜையும் தானே திருப்பிப் போட்டார். வெப்பமானியை ஒன்றில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைத்தார். முதல் தட்டு அவர் மனைவிக்குப் போனது. மரத்தடியில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மாள் தின்றதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதப் பத்தியம் ஒரு மாலையில் முடிந்ததுபோல. நான் மூன்று தின்றேன். ருசி பழுதில்லை. லேசாகத்தான் இருந்தது, வயிற்றில் தெரியவே இல்லை.

மேலும் கரி போட்டார்கள். அனல் ஏறியது. இவர் திடீரென்று தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். கையிலிருந்த சாசேஜை முகர்ந்தார். அடுத்ததை முகர்ந்தார். பிறகு குனிந்து டிரம்மைப் பார்த்தார்.

பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொப்புளமும் வெடித்து, பாம்புச் சட்டை மாதிரி பட்டையாக உரிந்து தொங்கியது. அடியில் மஞ்சள் நிறம். மஞ்சளின் மேல் கறுப்பாக ஏதோ. இன்னொரு பட்டை உரிந்து விழுந்தபோது மண்டையோடு தெரிந்தது. அதன் கீழே குறுக்கே இரண்டு எலும்பு. பக்கத்தில் ஒரு பெயரின் முதல் எழுத்து; அதற்கு மேல் கேஸ் கட்டர் வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஓரத்தில் ஒரு முக்கோண முத்திரை. அந்த முக்கோணத்தை எங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு தெரு தள்ளி ஒரு ரசாயன ஆலையின் மதில்சுவரில் தினமும் பார்க்கிற முக்கோணம்.

அவர் கத்தவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தார். மரத்தடிக்கு நடந்து போனார். அந்த அம்மாள் மூன்றாவது சாசேஜில் பாதியை மென்றுகொண்டிருந்தார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையை மனைவியின் வாய்க்கு நேரே ஏந்தினார்.

"துப்பு."

ஏன் என்று கேட்க அந்த அம்மாள் வாயெடுத்தார். கணவனின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கையில் துப்பினார்.

அதன்பின் அவர் ஒவ்வொருவராகப் போய்த் தட்டுகளை வாங்கினார். தீயணைப்பு வாளி மணலைக் கரியின் மேல் கொட்டினார். எல்லாரும் அந்த மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சின்ன முதலாளி, "ரிலாக்ஸ். கழுவின டிரம்தானே" என்றார். குரல் அவருக்கே கேட்காத அளவு தாழ்ந்திருந்தது.

"உள்ள இன்னா இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் சார், கழுவுனது போதுமான்னு சொல்ல முடியும்" என்றார் இவர்.

அன்றிரவே மனைவியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார். "ஆனா அதுல என்ன ரசாயனம் இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் எதைத் தேடணும்னு எனக்குத் தெரியும். பேர் தெரியாம எல்லா டெஸ்டும் எடுக்க முடியாது. பேரைக் கொண்டு வாங்க."

பெயர் டிரம்மின் மறுபாதியில் இருந்தது. விடிந்ததும் புதுவாயல் இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பாதியா? அது லோடுல போச்சே சார்."

"எங்க போச்சு?"

"உங்க கம்பெனிக்குத்தான். நேத்து சாயங்காலம் ஏத்துனேன். நம்ம ஸ்க்ராப் எல்லாம் உங்க உலைக்குத்தான வருது? உங்களுக்கே தெரியும்."

எங்களுக்கே தெரியும். நாங்கள் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஷிப்ட் முடிந்திருந்தது. அந்த லோடு முழுவதும் உலைக்குள் போய்விட்டது. அவர் உலைமேடையில் ஏறினார். வழக்கமாக, அங்கே எல்லைக்குப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை அவர் தாண்ட மாட்டார். தாண்டுகிறவர்களைக் கெஞ்சிப் பின்னால் இழுப்பவர். அன்று தாண்டிப் போய், கொதிக்கிற இரும்பை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஒரு பெயர் கரைந்துகொண்டிருந்தது. கிரேன் ஆபரேட்டர் பாய் ஓடிவந்து சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "சார், சார். பாத்து."

மிச்சம் இருந்த வழி, அந்த முக்கோண ஆலையையே கேட்பதுதான். கடிதம் எழுதுவது என் துறை. டிரம்மின் படத்தை இணைத்து, ஒரு கர்ப்பிணி சாப்பிட்டிருக்கிறார், உள்ளே இருந்த பொருளின் பெயர் மட்டும் போதும், வேறு நடவடிக்கை நோக்கமில்லை என்று பதிவுத் தபாலில் எழுதினேன். ஒப்புகை அட்டை மறுநாளே வந்தது. பதில் வரவில்லை. நேரில் போனேன். வாசலில் காவலர், "லெட்டர் மேல போயிருக்கு சார்" என்றார். நினைவூட்டல் அனுப்பினேன். அதுவும் மேலே போனது. ஏன் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பொருளின் பெயரைச் சொன்னால் டிரம் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகும்; ஒப்புக்கொண்டால், அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி வரும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கோப்பை மேலேதான் அனுப்பியிருப்பேன்.

தினமும் காலையில் தடுப்புக்கு மேலே அவர் தலை எழும்பும். "வந்துச்சா சார்?"

"இல்லை."

தலை இறங்கும். பிறகு வாசலுக்குப் போய் நிற்பார். அன்று சாப்பிட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, "வயிறு எப்படி கீது? கண்ணு எரியுதா? நாக்கக் காட்டு" என்பார். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவனுக்கு வாய்ப்புண் வந்தது. இன்னொருவன் சீப்பில் முடி அதிகம் வருகிறது என்றான். மூன்றாவது வாரம் அவர் கேட்பதற்கு முன்பே நாக்கை நீட்டினார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மூன்று தின்றவன் நான். ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். பார்த்தால் என்ன தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் மதியம் போர்மேன் அலுவலகத்துக்குள் வந்தார். வேலைச் சட்டைகூட மாற்றாமல், அவர் மேசை முன்னால் நின்றார்.

"சார், என் புள்ள காலைலேர்ந்து வாந்தி எடுக்குறான் சார். அன்னிக்கு அவன் நாலு துன்னான் சார். நான்தான் ஊட்டி வுட்டேன்."

இவர் எதுவும் சொல்லிக் காட்டவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். "வா, போலாம்" என்று போர்மேனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பையன் பச்சை மாங்காய் தின்றிருந்தான் என்று மாலையில் தெரிந்தது. ஆனால் அன்று மதியம் அந்த இரண்டு பேரும் வாசலைத் தாண்டிப் போனபோது, யார் யாரைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மாள் மட்டும்தான் எங்களில் நிதானமாக இருந்தார். அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார். "துன்னது துன்னாச்சு சார். இப்ப நானும் பயந்தா, உள்ள கீறதுக்கு யாரு தைரியம் சொல்றது? இவரா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நைட்ல எழுந்து என் வயித்துல காத வெச்சிக்கினு படுத்துக்கிறாரு. அசைஞ்சா, ஏன் அசையுதுன்றாரு. அசையலன்னா, ஏன் அசையலன்றாரு" என்றார்.

ஆடி முடிந்து ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. எடை சற்றுக் குறைவு. மற்றபடி கை, கால், அழுகை எல்லாம் உள்ளபடி இருந்தன. நான் பார்க்கப் போனபோது அவர் குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்தபடி நின்றிருந்தார்.

"இன்னா வாசனை சிஸ்டர் இது?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"குழந்தைங்க இப்படித்தான் இருக்கும் சார்."

"எல்லாக் குழந்தையுமா?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். டாக்டரம்மா வந்து, எல்லாம் நார்மல் என்றார். அவர் தலையசைத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "நார்மல்னா, இன்னிக்கு நார்மல்" என்றார்.

அவர் ஓரிரு வருடத்தில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். நெடுநாள் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஒரு தடவை பார்த்தேன். முன்னால் பள்ளிப் பையை மாட்டிய ஒரு பெண் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்; நல்ல உயரம், தாயின் நடை. அவள் பின்னால் அவர். வலது கையை நீட்டி, அவள் முதுகுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தபடி நடந்தார். தொடவில்லை. அவள் நின்றால் கை நின்றது. நடந்தால் கை நடந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை, அல்லது பழகிப்போயிருக்கலாம். கூப்பிட நினைத்தேன். அவர் திரும்பினால் அந்தக் கை விலகிவிடுமே என்று கூப்பிடவில்லை.

நாங்கள் காத்திருந்த அந்த ஆலையின் பதில், குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோதே வந்துவிட்டது. சாசேஜ் சுட்டு ஐந்து மாதம் கழித்து, ஒரு காலை தபாலில், முக்கோண முத்திரை போட்ட நீள உறை. ஒன்றரைப் பக்கம். முதல் பக்கம் முழுக்க, எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கான விளக்கம். கடைசிப் பத்தியில் விஷயம். மஞ்சள் டிரம்மில் அவர்கள் இரண்டு பொருள்கள் வாங்குவதுண்டு. ஒன்று தோலில் பட்டால் அரிக்கும், அவ்வளவுதான். மற்றது சூட்டில் ஆவியாகி உடலில் சேர்ந்தால் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். பாதிப்பு வளர வளரத்தான் தெரியவரும். அப்படிச் சேர்ந்த சந்தேகம் இருந்தால், கர்ப்பிணியைத் தாமதிக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குறிப்பிட்ட டிரம்மில் இருந்தது இரண்டில் எது என்பதை அவர்களால் சொல்ல இயலவில்லை.

தடுப்புக்கு மேலே தலை எழும்பியது. "வந்துச்சா சார்?"

நான் தாளை நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். 'அன்றே' என்ற சொல்லின் மேல் அவர் கட்டைவிரல் நின்றது. பிறகு என் மேசையிலிருந்த தொலைபேசியை இழுத்து, வீட்டு எண்ணைச் சுழற்றினார்.

"நான்தான். பாப்பா இன்னா பண்ணுது?"

அந்த முனையில் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அதற்கு மேல் அந்த அம்மாளின் குரல்: "இன்னா பண்ணும்? கத்துது. குளிப்பாட்டிக்கினு கீறேன். ஊருக்கே கேக்குது."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார். "கேக்குதா சார்?"

"கேட்கிறது" என்றேன்.

"நல்லாத்தான கத்துது?"

"நன்றாகத்தான் கத்துகிறது."

ரிசீவரை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஆட்கள் எந்திரங்களைக் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தெம்பான அழுகை. அது சிறிது சிறிதாகத் தணிந்து, விசும்பலாகி, நின்றது. அவர் ரிசீவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னா ஆச்சு? ஏன் நிறுத்திடுச்சு?" என்றார் ரிசீவருக்குள். "ஏய், ஏன் நிறுத்திடுச்சு?"

அது ஆயுத பூசைக்கு முந்தின நாள்.